மறைந்த நண்பரின் நினைவாக ஒரு பிரயாணம்

காலஞ்சென்ற நண்பரின் நினைவாகப் பழைய சகபாடிகள் ஒன்றுகூடித் தரங்கம்பாடிக்குச் செல்ல உத்தேசித்தால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்களே உசிதம். மயிலாடுதுறை வரை ரயிலில் சென்று, அங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரை ஒரே வேனில் கடப்பது, 60 வயதைத் தாண்டிய முழங்கால்களுக்கும் இடைவிடாத சம்பாஷணைக்கும் ஒருங்கே அனுகூலமாக இருக்கும்.

1620-இல் டேனியர் எழுப்பிய டான்ஸ்பர்க் கோட்டையையும், கடல் அரித்துக் குறுகிப்போன மாசிலாமணிநாதர் ஆலயத்தையும் காலையிலேயே பார்த்துவிடுங்கள்; உச்சிவேளையில் மணல் சுடும். பொதுச்செலவுப் பணத்தை ஒருவரிடமே ஒப்படையுங்கள். கணக்கில் சிரத்தையுள்ளவர் பெரும்பாலும் மறைந்தவராகவே இருந்திருப்பார், அது வேறு விஷயம்.

புறப்படுமுன் மறைந்த நண்பரின் மனைவியிடம் தெரிவித்து, வர இஷ்டமுண்டா என்று கேளுங்கள். அந்த அம்மையார் வர இயலாதெனில், பிற்பாடு படங்களை அச்சிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். எங்கள் நண்பர் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருந்த வறுத்த பட்டாணியை, கோட்டை மதிலோரம் அமர்ந்து நாங்கள் பங்கிட்டுத் தின்றதுபோல, உங்கள் நண்பருக்குப் பிரியமான சிறு காரியம் ஒன்றைச் செய்தாலே போதும். நீண்ட இரங்கலுரை வேண்டாம்.

மாத்திரைகளைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டிகள் வேனின் கூரைமீதுதான் ஏறும்.