கேதார்காந்தா போக எதை வாங்குவது, எதை விடுவது?

கேள்வி: டிசம்பர் கடைசியில் தோழிகள் நால்வர் உத்தராகண்டில் கேதார்காந்தா மலையேற்றத்துக்குப் போகிறோம். எனக்கு இதுதான் முதல் தடவை. கொடைக்கானலைத் தாண்டிய குளிரைப் பார்த்ததில்லை. கூடாரம், சாப்பாடு, ஸ்லீப்பிங் பேக் எல்லாம் அழைத்துப் போகிறவர்கள் பொறுப்பு. ஆனாலும் கடைக்காரர் 70 லிட்டர் பையில் தொடங்கி நீண்ட பட்டியல் ஒன்றை நீட்டுகிறார். எதற்குச் செலவழிக்கலாம்?
– வாசகி, மதுரை

பதில்: முதலில் ஷூவுக்கு. பட்டியலில் மற்ற எதில் தவறினாலும் சமாளிக்கலாம். ஷூ கடித்தால் இரண்டாம் நாளே நடை நின்றுவிடும். கணுக்காலை மூடுகிற, தண்ணீர் புகாத ட்ரெக்கிங் ஷூவாக வாங்குங்கள். சாயங்காலம் கடைக்குப் போங்கள். அப்போதுதான் கால் சற்று வீங்கியிருக்கும். மலையில் போடப்போகும் தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து, விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இடம் போதாவிட்டால் ஏறும்போது தெரியாது. இறங்கும்போதுதான் நகங்கள் போய் முட்டும். அக்கா வீட்டுப் பரணில் பத்து வருடமாகப் ‘புதிதாகவே’ இருக்கும் ஷூவை மட்டும் இரவல் வாங்காதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் பாலியூரித்தேன் அடிப்பாகம் போடாமலே மக்கி, நடுவழியில் பிளந்துகொள்ளும்.

அடுத்தது உடை. நடை தொடங்கும் சாங்க்ரி கிராமம் சுமார் 1,950 மீட்டர் உயரம், சிகரம் 3,810 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. சாங்க்ரியிலேயே பல்லைக் கிட்டும் என்றால், மேலே எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதற்குப் பயந்து எல்லோரும் ஒரே ஒரு பெரிய ஜாக்கெட்டை வாங்குகிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு ஏறினால் அரை மணியில் வியர்த்து நனைந்துவிடும். நின்றதும் அந்த ஈரமே விறைக்க வைக்கும். ஆகவே அடுக்கடுக்காகப் போடுங்கள்: உடம்போடு ஒட்டிய தெர்மல், மேலே ஃப்ளீஸ், காற்றும் பனியும் புகாத மெல்லிய மேலுறை. இறகு அடைத்த ஜாக்கெட் ஓய்வெடுக்கும்போது மட்டும். நனைந்தால் அது கதகதப்பை இழந்துவிடும். பருத்தியும் ஜீன்ஸும் மதுரையிலேயே இருக்கட்டும். ஈரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே விடாது. இரவில் தூங்க மட்டும் ஒரு காய்ந்த ஜோடியைத் தனியே பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள்.

ஸ்லீப்பிங் பேக் தருகிறார்கள் என்றாலும் ஒன்று கேளுங்கள்: அதன் ‘கம்ஃபர்ட்’ அளவு எத்தனை டிகிரி? உறையில் பெரிதாக அச்சிட்டிருப்பது பல நேரம் ‘எக்ஸ்ட்ரீம்’ அளவு. அது உயிர் தப்பும் கணக்கு, தூக்கத்தின் கணக்கு இல்லை.

பைக்கு வருவோம். 70 லிட்டர் வேண்டாம். இடம் இருந்தால் நிரப்பத்தான் கை போகும். 45, 50 போதும். லிட்டரை விட முக்கியம் உங்கள் முதுகின் நீளம். கழுத்தடியில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மட்டம் வரை அளந்து, அதற்குப் பொருந்தும் பையை எடுங்கள். கடையிலேயே பத்து கிலோ போடச் சொல்லி, முதலில் இடுப்புப் பட்டையை இறுக்கிப் பாருங்கள். பாரம் பெரும்பாலும் இடுப்பில் இறங்க வேண்டும். தோளே சுமந்தால் அந்தப் பை உங்களுக்கானதல்ல.

ஊன்றுகோல், ஷூவுக்குக் கீழே மாட்டும் முள்சங்கிலி, பனி புகாமல் காலில் கட்டும் உறை எல்லாம் சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். ஒரு பயணத்துக்காக வாங்குவது வீண். ஆனால் ஹெட் டார்ச்சும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கருப்புக் கண்ணாடியும் சொந்தமாக இருக்கட்டும். சிகரம் ஏறுவது விடியலுக்கு முன்பு; வெயில் ஏறியதும் பனியில் பட்டுத் தெறிக்கும் ஒளி கண்ணைப் புண்ணாக்கிவிடும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், எனவே போனும் பவர் பேங்கும் இரவில் உங்களோடு ஸ்லீப்பிங் பேக்குக்குள் தூங்கட்டும். டேராடூனுக்கு விமானத்தில் போனால் பவர் பேங்கைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் அனுமதி இல்லை.

உயரத்தால் தலைவலி, வாந்தி வரலாம். அதற்கான மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காமல், மருத்துவரைப் பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே, வாங்கிய ஷூவோடும் நிரப்பிய பையோடும் அழகர்கோவிலிலிருந்து நூபுர கங்கை வரை சில ஞாயிறுகள் ஏறி இறங்குங்கள். எது கடிக்கிறது, எது வேண்டாத சுமை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.