“சும்மா கீறல்தான்” – சிறு காயத்தை மதிப்பிடக் கற்பித்தல்

வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை “சும்மா கீறல்தான்” என்பதாகும். காயப்பட்டவர் அதைச் சொல்கிறார். கூட வந்தவரும் சொல்கிறார். வரிசை நீண்டு கிடக்கும் நாளில், களைத்துப்போன தாதியும் மனதுக்குள் அதையே சொல்லிக்கொள்ளக்கூடும். ஆனால் காயம் சிறிதா பெரிதா என்பதைத் தோலில் தெரியும் கீறலின் நீளம் தீர்மானிப்பதில்லை. மீன் ஆயும் கத்தி அரை அங்குலமே வெட்டியிருக்கலாம். அந்த அரை அங்குலத்தின் கீழே விரலை மடக்கும் தசைநாண் அறுந்திருக்கலாம். தையல் போட்டுப் புண்ணும் ஆறிவிடும்; விரல் மட்டும் மடங்காது. ஆகவே, சிறு காயத்துடன் வருபவரை மதிப்பிடுதல் தனியாகக் கற்பிக்கப்பட வேண்டிய திறனாகும். அதைக் கற்பிப்பதில் உடற்கூற்றியலுக்கு உள்ள இடம் நோயாளியின் மொழிக்கும் உண்டு.

இதை நம் நாட்டில் முதலில் நன்கு விளங்கிக்கொண்டவர்களுள் ஒருவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் அமெரிக்காவில் பிறந்த இவர், 1847இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் தம் பணியை நிலைப்படுத்தினார். அங்கே மாணவர்களுக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியேறிவிட, தமிழில் கற்றவர்களே ஊரில் தங்கி ஊராருக்கு வைத்தியம் பார்ப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அவரிடம் பயின்று வெளியேறினர். பாடநூல்கள் இல்லாத குறையை மொழிபெயர்த்துத் தீர்த்தார். அவற்றுள் 1867இல் வெளிவந்த ‘இரண வைத்தியம்’ அறுவை மருத்துவம் பற்றியது. இரணம் என்றால் புண், காயம். 1873இல் தாயகம் திரும்பிய பின்னரும், 1884இல் இறக்கும் வரை தமிழ் நூல்களில் வேலை செய்தார். கலைச்சொல்லாக்கம் என்றதும் பல்கலைக்கழகக் கருத்தரங்குகளையே நினைக்கும் நாம், அது ஒரு காலத்தில் புண்ணுக்கு மருந்து கட்டும் மேசையின் அருகே நடந்த வேலை என்பதை மறந்துவிடுகிறோம்.

இனி நமது கரைக்கு வருவோம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று கடலும் வயலும் தறியும் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் இவை. காயத்தின் கதையும் தொழிலுக்குத் தொழில் வேறுபடும். அதனால் பயிலும் தாதிக்கு முதலில் கற்பிக்க வேண்டியது, தொடுவதற்கு முன் கேட்பது. எப்போது, எதனால், எப்படி ஏற்பட்டது? எந்தக் கைப்பழக்கம் உள்ளவர்? ஏற்பூசி கடைசியாக எப்போது போட்டார்? காயத்தின் பின் எந்த நீரில் நின்றார்? கடைசிக் கேள்வி வெளியூர்ப் பாடநூலில் எளிதில் அகப்படாது. வேளாண்மை வயலின் சேற்றில் நின்றவருக்குக் காலில் உள்ள சிறு சிராய்ப்பே எலிக்காய்ச்சல் கிருமி நுழையும் வாசலாகலாம். காயம் ஆறிய பின் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியுமாக அவர் திரும்பி வரும்போது இந்த ஒரு விடை உயிர் காக்கும். திருக்கை முள் குத்தியவருக்கோ பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள நீரில் காலை வைத்தால் வலி தணியும். ஆனால் சூட்டை வேறொருவரின் கையால் பார்த்த பின்பே வைக்க வேண்டும். முள்ளின் துண்டு உள்ளே இருக்கிறதா என்றும் தேட வேண்டும். நாய் கடித்ததென்றால் முதல் வேலை சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவுவது. விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றிய முடிவு அதன் பின்.

கேள்வியின் சொல்லும் முக்கியம். “உங்களுக்கு நீரிழிவு நோய் உண்டா?” என்று கேட்டால் வயதான உம்மா ஒருவர் “அப்படி ஒண்டும் இல்ல மகள்” என்பார். “சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கீங்களா உம்மா?” என்று கேட்டால் பையிலிருந்து கிளினிக் கொப்பியே வெளியே வரும். சீனி வருத்தத்தால் பாதம் உணர்விழந்தவருக்குப் புண் வலிக்காது. வலிக்கவில்லை என்பதே அங்கே அபாயம். அதுபோல, விறைப்பாக இருக்கிறது என்றால் நரம்பைச் சோதிக்க வேண்டும். விண் விண் என்று இடிக்கிறது என்றால் உள்ளே சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேற்றுமொழியில் பயின்று இங்கு பணிக்கு வரும் ஒருவருக்கு இச்சொற்களை எழுதிக் கொடுப்பது பயிற்சியின் பகுதியாக இருக்க வேண்டும்.

கை வெட்டுக் காயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்பது பயன்தரும், ஏனெனில் தவறுகள் அதிகம் நேர்வது அங்கேதான். விரல் ஒவ்வொன்றையும் மடக்க இரண்டு தசைநாண்கள் உள்ளன. ஒன்று நடு மூட்டை மடக்கும். ஆழத்தில் ஓடும் மற்றையது நுனி மூட்டை மடக்கும். பெருவிரலுக்கு மட்டும் ஒன்று. எனவே “கையைப் பொத்திக் காட்டுங்க” என்று சொல்லி நிறுத்துவது பரிசோதனை ஆகாது. ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியே மடக்கச் செய்து, தாதி தன் விரலால் மெல்ல எதிர்த்து அழுத்திப் பார்க்க வேண்டும். பாதி அறுந்த நாண் விரலை அசைக்கும். எதிர்த்து அழுத்தும்போது வலிக்கும், வலுவிழக்கும். இன்னொரு நுட்பமும் உண்டு. கத்தியைப் பொத்திப் பிடித்திருந்தபோது வெட்டுப்பட்டால், விரலை நீட்டிய பின் நாணில் உள்ள வெட்டு தோல் காயத்துக்கு நேரே இராது, விலகிப் போயிருக்கும். வெட்டுப்பட்ட நிலையிலேயே விரலை வைத்துப் பார்த்தால்தான் அது கண்ணில் படும். விரல் நுனியின் இரு பக்கமும் தொடுகை தெரிகிறதா என்று கேட்பது விறைப்பூசி போடும் முன் செய்ய வேண்டியது. போட்ட பின் கேட்டு என்ன பயன்? நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு வினாடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். மோதிரம் இருந்தால் வீக்கம் ஏறுமுன் கழற்ற வேண்டும். கண்ணாடி குத்தியிருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் தைக்கக் கூடாது.

கணுக்கால் பிரண்டு வருபவர் விடயத்தில் உலகம் கற்றுக்கொண்ட ஒரு நல்ல பாடம் உண்டு. கனடாவின் ஒட்டாவா நகரில் இயன் ஸ்டீலும் அவருடைய குழுவினரும் 1992இல் சில எளிய விதிகளை வெளியிட்டனர். கணுக்கால் பகுதியில் வலி இருந்து, உள் அல்லது வெளிக் கணுமுட்டியின் நுனியிலோ அதன் பின்விளிம்பின் கீழ் ஆறு சென்டிமீற்றரிலோ எலும்பை அழுத்தும்போது நோவு இருந்தால் எக்ஸ்ரே தேவை. காயப்பட்ட உடனும் வைத்தியசாலையிலும் நான்கு அடி எடுத்து வைக்க முடியாவிட்டாலும் தேவை. பாதத்தின் நடுப்பகுதிக்கும் இதுபோன்ற விதிகள் உண்டு. இவற்றை ஒழுங்காகப் பின்பற்றினால் முறிவு தவறிப்போவது மிக அரிது. தேவையற்ற எக்ஸ்ரேக்களும் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறையும். விரல் நுனியால் தொட்டுக் கண்டறியும் இந்த வேலையைப் பயிற்சி பெற்ற தாதியர் திறம்படச் செய்கின்றனர். பிரித்தானியாவில் சிறு காய நிலையங்கள் பலவற்றை அப்படிப் பயின்ற தாதியரே நடத்துகின்றனர்.

நமது ஊர்ப் பெண்களைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் இருக்கிறது. மணிக்கட்டுக் காயம் என்றால் அதற்கு மேலுள்ள முழங்கையையும் பார்க்க வேண்டும் என்பது விதி. சட்டைக் கையை மணிக்கட்டு வரை மட்டும் சுருட்டிக் காட்டிவிட்டுப் போகும் பெண்ணின் முழங்கை முறிவு யாருக்கும் தெரியாமல் போகலாம். திரை மறைத்த இடமும், பரிசோதிக்க ஒரு பெண்ணும் இருந்தால் இது பிரச்சினையே அல்ல. நபி (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் காயம்பட்டோரைப் பராமரித்த ருபைதா (ரழி) அவர்களின் பெயரை மேடைகளில் பெருமையோடு சொல்கிறோம். அதே மூச்சில் “பொம்புளப் புள்ளைக்கு நேர்ஸ் வேல எதுக்கு?” என்றும் கேட்கிறோம். இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பது எனக்கு விளங்கவில்லை. “கதவுல அடிபட்டது” என்று சொல்லும் பெண்ணின் காயம் கதவில் பட்ட காயம் போல் இல்லாவிட்டால், கூட வந்தவரை வெளியே இருக்கச் சொல்லித் தனியே மெதுவாகக் கேட்கவும் அங்கே ஒரு பெண் வேண்டும்.

இவற்றை விரிவுரையால் மட்டும் கற்பிக்க முடியாது. ஒரு மாணவி நோயாளியாக நடிக்க, இன்னொருத்தி கேட்டு, பார்த்து, தொட்டு, அசைத்துச் சோதிக்க வேண்டும். நடிப்பவளிடம் ஓர் உண்மை மறைந்திருக்கட்டும். சரியாகக் கேட்டால் மட்டுமே அவள் அதைச் சொல்லட்டும். கண்டதை மட்டுமன்றி, தேடிக் காணாததையும் எழுதப் பழக்க வேண்டும். “விரல் நுனி மடங்குகிறது, இரு பக்கமும் உணர்வுண்டு” என்ற ஒரு வரி நாளை பார்க்கும் வைத்தியருக்கு எத்தனையோ சொல்லும். கடைசியாக, வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லும் சொல்லையும் பழக்க வேண்டும். அச்சிட்ட துண்டைக் கையில் திணிப்பதை விட இது மேல்: “உம்மா, ராவைக்கு விண் விண் எண்டு இடிச்சாலும், சிவப்பு மேல ஏறினாலும், காய்ச்சல் கண்டாலும் விடியுமட்டும் பாத்துக்கொண்டிருக்க வேணாம். உடனே வாங்க.”