எந்த பிரவுசர் உங்களுக்குச் சரி?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் பெற்றவுடன் எழும் முதல் சந்தேகம் இதுதான். கடைக்காரர் ஒரு பிரவுசரை இன்ஸ்டால் செய்து தருகிறார். கல்லூரிக்குப் போகும் மகன் வேறொன்றுதான் வேகம் என்கிறான். விண்டோஸோ, தன்னுடன் வந்ததையே பயன்படுத்தும்படி திரும்பத் திரும்பக் கேட்கிறது. எதைத்தான் வைத்துக் கொள்வது?

முதலில் ஒரு சிறு விளக்கம். பிரவுசர் என்பது இணையதளங்களைக் கொண்டு வந்து திரையில் காட்டும் புரோகிராம். கூகுள் தேடல் என்பது அந்த பிரவுசருக்குள் திறக்கும் ஓர் இணையதளம். இரண்டும் ஒன்று எனப் பலர் நினைக்கிறார்கள். மேலே உள்ள நீண்ட அட்ரஸ் பாரில் தள முகவரியை முழுமையாக டைப் செய்தால், தேடாமலேயே அந்தத் தளத்திற்குப் போய்விடலாம். இதன் அருமை கீழே தெரியும்.

ஒரு காலத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நீல நிற 'இ' எழுத்துப் படத்தில் டபுள் கிளிக் செய்தால் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் திறக்கும், அவ்வளவுதான். 2004 நவம்பரில் பயர்பாக்ஸ் 1.0 வந்தது. 2008 செப்டம்பரில் கூகுள் குரோம் வந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவை 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாப்ட் நிறுத்திக் கொண்டது. பழைய கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அதில் இந்த ஐகானைக் கண்டால் தொடவே வேண்டாம். அதன் இடத்தில் இப்போது விண்டோஸுடன் வருவது எட்ஜ்.

இன்னொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். குரோம், எட்ஜ், ஓப்பரா, பிரேவ் ஆகிய நான்கும் குரோமியம் என்ற ஒரே அஸ்திவாரத்தின் மேல் கட்டப்பட்டவை. எட்ஜ் 2020 ஜனவரியில் இதற்கு மாறியது. எனவே குரோமில் ஒழுங்காகத் திறக்கும் தளம் எட்ஜிலும் அநேகமாக அப்படியே திறக்கும். "இது அதைவிட இரண்டு மடங்கு வேகம்" என்ற பேச்சையெல்லாம் காதில் போட்டுக் கொள்ள வேண்டாம். பயர்பாக்ஸ் மட்டும் தனக்கென்று சொந்த எஞ்சின் வைத்திருக்கிறது. (அதைத் தயாரிக்கும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுளிடமிருந்துதான் வருகிறது என்பது வேடிக்கை!)

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது? உங்கள் போனைப் பாருங்கள். ஆண்ட்ராய்ட் போனில் குரோம் பயன்படுத்துபவர் கம்ப்யூட்டரிலும் அதையே வைத்து, ஒரே கூகுள் அக்கவுண்ட்டில் நுழைந்தால், புக்மார்க்குகளும் பாஸ்வேர்ட்களும் இரண்டிலும் கிடைக்கும். வேறொன்றும் வேண்டாம், மெயிலும் செய்தியும் போதும் என்பவர்களுக்கு எட்ஜ் தாராளமாகப் போதும். தனியாக இன்ஸ்டால் செய்யும் வேலை மிச்சம். விளம்பரத் தொல்லை பொறுக்க முடியாதவர்களுக்கு நான் சொல்வது பயர்பாக்ஸ். யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனின் முழு வடிவம் அதில் இயங்குகிறது. குரோமில் 2025 முதல் அதன் 'லைட்' வடிவம்தான் இயங்கும்.

ராம் 4 ஜிபி மட்டும் உள்ள கம்ப்யூட்டர் என்றால், எந்த பிரவுசரானாலும் இருபது டேப்களைத் திறந்து வைத்தால் மூச்சு வாங்கும். அங்கே பிரவுசரை மாற்றுவதைவிட, டேப்களை மூடும் பழக்கமே உதவும். தவறி மூடிவிட்ட டேப் மீண்டும் வேண்டுமா? கண்ட்ரோல், ஷிப்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள்.

பிரவுசரை டவுன்லோட் செய்யும்போது கவனம் தேவை. தேடலில் முதலில் வருவது சில நேரங்களில் விளம்பரமாக இருக்கும். அதே ஐகானைக் காட்டி வேறு புரோகிராமைத் தரும் தளங்களும் உண்டு. மொசில்லா, கூகுள் போன்ற நிறுவனத்தின் சொந்தத் தள முகவரியை அட்ரஸ் பாரில் நீங்களே டைப் செய்து போய் எடுப்பது நல்லது. பிரவுசருக்குப் பணம் கேட்டால் அது போலி.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. "சார், வைரஸ் வந்துவிட்டது" என்று அழைத்தார். போய்ப் பார்த்தால், திரையின் வலது கீழ் மூலையில் நிமிடத்திற்கு ஒரு சிவப்பு எச்சரிக்கை. உடனே பணம் கட்டிச் சுத்தம் செய்யச் சொன்னது. கார்டை எடுத்துக் கையில் வைத்திருந்தார்! கம்ப்யூட்டரில் வைரஸ் எதுவும் இல்லை. சினிமா பார்க்கப் போன ஒரு தளம், "நீங்கள் ரோபோ அல்ல என்று காட்ட அலவ் அழுத்தவும்" என்று கேட்க, இவர் அழுத்தியிருக்கிறார். அது, அறிவிப்புகள் அனுப்ப அந்தத் தளத்திற்கு இவர் தந்த அனுமதி. பிரவுசரை மாற்றினால் சரியாகுமா என்று கேட்டார். மாற்றினாலும், அங்கேயும் அலவ் அழுத்தினால் இதே கதைதான்.

சரி செய்வது எளிது. குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, செட்டிங்ஸ் செல்லவும். பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிபிகேஷன்ஸ். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். தெரியாத தளங்களை நீக்கவும். எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்பக் கூடாது என்றும் அங்கேயே அமைத்துவிடலாம். எட்ஜிலும் பயர்பாக்ஸிலும் செட்டிங்ஸ் பகுதியில் இதே வசதி உண்டு. பதிப்புக்குப் பதிப்பு இருக்கும் இடம் சற்று மாறலாம்.

வீட்டில் பலர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று பிரவுசர் கேட்டால், வங்கித் தளத்திற்கு மட்டுமாவது வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுத்து உட்காருபவருக்கும் அது தானாகவே நிரப்பித் தரும்.

நான் இரண்டு பிரவுசர் வைத்திருக்கிறேன். வங்கிக்கும் வரி கட்டவும் ஒன்று. அதில் எக்ஸ்டென்ஷன் எதுவும் கிடையாது. மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று. ஏதேனும் ஒரு தளம் ஒன்றில் அடம் பிடித்தால், மற்றொன்றில் திறந்து பார்க்கவும் இது உதவுகிறது.

ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் சேமித்த முகவரிகள் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். புதிய பிரவுசரின் மெனுவில் இம்போர்ட் என்ற வசதி இருக்கும். பழைய பிரவுசரின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் புக்மார்க்குகள் ஒரு நிமிடத்தில் வந்து சேரும். வந்தபின், இரண்டொன்றைத் திறந்து பார்த்துவிட்டுப் பழையதை நீக்குங்கள்.