நோயல்லாததற்கு மருந்தில்லை
மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கு உறவினர் கூடும்போது, "பிள்ளைக்கு எப்போது கல்யாணம்?" என்ற கேள்வி எழும். தம் மகன் ஆணையே விரும்புகிறான் என அறிந்த பெற்றோர் கலங்குவர்; "இதை மாற்ற மருந்து உண்டா?" என எம்மை வினவுவர்.

இல்லை, தன்பாலீர்ப்பு நோயன்று. உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே அதை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தம் முன்முடிவுகளைக் களைய உளவியலாளரிடம் தாமே கற்று, 2021இல் இதை 'மாற்றும்' சிகிச்சையைத் தடைசெய்தார். அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கக்கேடு என அறிவித்தது. தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு இன்னும் இல்லை. எனினும் 2018 முதல் இவ்வுறவு குற்றமன்று.

கட்டாயக் கல்யாணம் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வையும் குலைக்கும். பிள்ளையின் மனத்துயருக்கு மருத்துவம் உண்டு; அவன் இயல்புக்கு அது வேண்டியதில்லை. ஊராரின் பேச்சினும் பிள்ளையின் உயிர் பெரிது.