தென்குமரி யாத்திரையும் பால் விலக்கிய உணவும்

சிதறால் திருச்சாரணத்து மலையைத் தரிசிக்கச் செல்லும் நம் குடும்பத்தார் பலர், குமரிமுனையைக் கண்டு, சுசீந்திரத்தில் இறங்கி, நாகர்கோவில் வழியாக மலைக்குப் போகின்றனர். ஊன், மது, தேன் ஆகியவற்றை விலக்கலும், இரவுண்ணாமையும், நீரை வடித்துப் பருகலும் நமக்கு வழிவழி வந்த ஒழுக்கங்கள். ஆயின் பால், தயிர், நெய் ஆகியவற்றையும் விலக்கும் இளையோர் இன்று நம் இல்லங்களில் உளர். இதனை நனிசைவம் என்பர். 1944இல் இங்கிலாந்தில் இதற்கெனத் தனிச் சங்கமே தோன்றிற்று. வீட்டில் எளிதாக நடைபெறும் இவ்விரதம், பயணத்தில் பூசலாகிவிடுகிறது.

ஜினபிம்பத்திற்கே பாலபிஷேகம் செய்கிறோமே, பாலில் என்ன குற்றம் என்று பாட்டியார் கேட்பார். கன்று ஈனாமல் பசு பால் தருவதில்லையே, அந்தக் காளைக்கன்று எங்கே போயிற்று என்று பேரன் கேட்பான். இரண்டும் நேர்மையான கேள்விகளே. நம் முன்னோர் பாலை விலக்கினாரல்லர். அவர்கள் வீட்டுக் காளைக்கன்றுக்கு ஏரும் வண்டியும் இருந்தன. இன்று உழவு இயந்திரம் வந்துவிட்டது; பால் உற்பத்தியில் உலகின் முதலிடத்தில் உள்ள நம் நாடே எருமை இறைச்சி ஏற்றுமதியிலும் முன்னணியில் நிற்கிறது. இவ்விரண்டும் தொடர்பற்றவை என்று நம்மால் சொல்ல இயலவில்லை.

இப்பூசலுக்குத் தீர்வு நம் ஆகமத்திலேயே இருக்கிறது. புறத்தவம் ஆறனுள் ஒன்று ரசபரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என்னும் ஆறு சுவைப் பொருள்களுள் சிலவற்றையோ அனைத்தையுமோ குறித்த காலத்திற்குத் துறத்தலே அது. யாத்திரை நாள்களில் முதல் மூன்றையும் குடும்பத்தார் அனைவரும் துறந்தால் என்ன? பாட்டியார்க்கு அது தவம். பேரனுக்கு அது கொல்லாமை. பந்தி ஒன்றாகிவிடும். மருந்தோடு தயிர் வேண்டும் முதியவர்க்குத் தனியே கொடுத்துக்கொள்ளலாம்; அதனைப் பழித்துரைப்பது விரதமாகாது. ஒன்று மட்டும் குறிப்போம்: சில நாள் துறப்பதால் உடலுக்குக் குறையில்லை. ஆண்டு முழுவதும் துறப்போர் பி12 உயிர்ச்சத்துப் பற்றி மருத்துவரைக் கேட்டுக்கொள்ளல் வேண்டும்.

இத்தவத்திற்கு நாஞ்சில் நாட்டைப் போல் இசைந்த நிலம் தமிழகத்தில் அரிது. காரணம் தேங்காய். தாளிப்பு தேங்காயெண்ணெயில், குழம்பின் கொழுமை தேங்காய்ப்பாலில். தடியங்காயும் பயறும் தேங்காய்ப்பாலில் வெந்த ஓலனில் பாலுமில்லை, கிழங்குமில்லை. பயறு, முட்டைக்கோசு முதலியவற்றின் துவரனும் அவ்வாறே. வெங்காயம் சேர்ந்ததா என்று மட்டும் கேட்க வேண்டும். காலையில் புட்டும் சிறுபயறும் பப்படமும், உடன் ஒரு மட்டிப்பழமும் போதும். மட்டி இம்மாவட்டத்திற்கே உரிய வாழை. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தேநீருக்குப் பதில் கட்டன் சாயா, அல்லது கருப்பட்டியிட்ட சுக்குக் காப்பி. பச்சை இஞ்சியை விலக்குவோரும் உலர்ந்த சுக்கைக் கொள்வது வழக்கமே.

ஏமாற்றுபவை சில உண்டு. அவியலில் தயிரும் சேனையும் இருக்கும். புளிசேரி மோரால் ஆனது. அடைப்பிரதமன் தேங்காய்ப்பாலில் வெந்ததாயினும் முந்திரியை நெய்யில் வறுத்துக் கொட்டுவர். பருப்பில் நெய்யைப் பரிமாறுபவர் கேளாமலே ஊற்றிவிடுவார். இலையில் அமர்ந்தவுடன் சொல்லிவிடுதல் நலம். "சைவமா?" என்று கேட்டால் எல்லா விடுதியிலும் "ஆம்" என்பர், அதனால் பயனில்லை. "பால், தயிர், மோர், நெய் நான்கும் சேராதவை எவை?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பொட்டலப் பண்டங்களில் பச்சைப் புள்ளி பாலையும் அனுமதிக்கும். சேர்பொருள் பட்டியலில் பால் பொடி உண்டா என்று பார்த்தே வாங்குக. 2022ஆம் ஆண்டு விதிகளின்படி நனிசைவப் பொருளுக்கெனத் தனிச் சின்னமும் வந்துள்ளது.

சுசீந்திரத்தில் பதினெட்டு அடி உயர ஆஞ்சநேயர்க்கு வெண்ணெய் சாத்துவர், வடைமாலை அணிவிப்பர். அங்கு எவரேனும் பிரசாதம் நீட்டினால், இருகை கூப்பி, விரதம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். யாரும் வருந்துவதில்லை. விளக்கவுரை ஆற்றத் தொடங்கினால்தான் வருத்தம் வரும்!

பொழுது பற்றியும் எச்சரிக்கை வேண்டும். குமரிமுனையில் கதிரவன் மறையும் காட்சியை நின்று பார்த்துவிட்டு, அதன்பின் உணவு தேடப் புறப்படும் நம்மவர் பலர். அங்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஆறு மணிக்கும் ஆறே முக்காலுக்கும் இடையில் பொழுது சாய்ந்துவிடும். ஐந்து மணிக்கே சுசீந்திரத்திலோ குமரியிலோ உண்டு முடித்து, பிறகு கடற்கரைக்குச் செல்லலாம். இரவு வண்டியில் ஏறுவோர்க்கும் இதுவே முறை.

சுசீந்திரத்திலிருந்து சிதறால் 40 கிலோமீட்டருக்கு மேல். வழியில் நாகர்கோவில் நாகராசர் கோயில் தூண்களில் பார்சுவநாதர், மகாவீரர் திருவுருவங்களைக் காணலாம். சிதறால் மலைமேல் உணவை எதிர்பார்க்கலாகாது; வடித்த நீரும் வாழைப்பழமும் கையிலிருக்கட்டும். 9ஆம் நூற்றாண்டில் ஆய் வேந்தன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில், குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி இம்மலைப் பட்டாரியார்க்குப் பொன்னணி அளித்தமையை அங்குள்ள கல்வெட்டு உரைக்கிறது. நாளொன்றுக்கு ஒருவேளை, பகற்பொழுதில், இல்லறத்தார் இட்டதை ஏற்று, கால்நடையாகவே சென்றவர்கள் நம் குரத்தியர். அவர்தம் சிற்றுண்டியை ஏந்திய ஊர்கள் இவையே என்பதை மலையடிவாரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

திரும்பும் வண்டிக்குத் தேங்காயெண்ணெயில் பொரித்த ஏத்தங்காய் வற்றலும், அவலும், கருப்பட்டியும் நாகர்கோவில் கடைவீதியில் வாங்கிக்கொள்ளலாம். மட்டிப்பழம் விரைவில் கனிந்துவிடும்; மறுநாளைக்கு மட்டும் வாங்குக.