இளநீர் குடித்ததும் நின்றுவிட்ட ரத்தம்

எங்கள் திருப்பூர்ப் பக்கம் சிறுநீர் சிவந்து போனால் முதல் வைத்தியம் இளநீர். அடுத்து வெந்தயம், நீர்மோர், தொப்புளில் விளக்கெண்ணெய். "சூடு பிடிச்சிருச்சு, சரியாப் போயிருமுங்க" என்று சொல்ல வீதிக்கு நாலு பேர் இருப்பார்கள். சிக்கல் என்னவென்றால், சரியாகத்தான் போய்விடுகிறது. சிறுநீர்ப்பையில் இருக்கும் கட்டியிலிருந்து கசியும் ரத்தம் ஒருநாள் வரும், தானே நிற்கும், பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் வராது. நடுவில் குடித்த இளநீருக்குப் பெயர் கிடைக்கும். கட்டி தன்பாட்டுக்கு வளரும்.

என் வீட்டுக்காரர் சாயப்பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்தவர். அவருக்கு ரத்தம் வந்தபோது வலியில்லை, எரிச்சலில்லை, காய்ச்சலில்லை. "ஒண்ணுமே பண்ணலையே, எதுக்கு டாக்டரு?" என்றார். நர்ஸாக இருக்கும் என் அண்ணன் மகள்தான் விடவில்லை. "வலிச்சாக் கல்லுன்னு நெனைக்கலாம் மாமா. வலிக்காம ரத்தம் வந்தா அன்னைக்கே போகோணுமுங்க" என்றாள். மகளிர் குழுக் கூட்டங்களில் இன்றைக்கு நான் பேசுவதில் பாதி அவள் சொன்ன அந்தப் பேச்சுத்தான்.

யூராலஜி டாக்டர் முதலில் கேட்டது புகைப் பழக்கத்தை; அடுத்தது தொழிலை. பீடி, சிகரெட் என்றால் நுரையீரலும் தொண்டையும்தான் நமக்கு நினைவுக்கு வரும். புகையிலுள்ள நச்சு ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் அதை வடித்து அனுப்ப, வெளியேறும்வரை சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கிறது. அந்தப் பையின் உட்சுவர்தான் அடி வாங்குகிறது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வருபவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் புகைதான் காரணம். விட்டுவிட்டால் ஆபத்து குறையும், அடியோடு போய்விடாது. இவர் விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

தொழிலை ஏன் கேட்டார்கள் என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1895லேயே ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வருவதைக் கவனித்து எழுதிவிட்டார். பென்சிடின், பீட்டா நாப்தைலமின் போன்ற பொருள்கள்தான் காரணம் என்பது பின்னால் தெளிவானது. இப்படிப்பட்ட அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களை 1994ல் ஜெர்மனி தடுத்தது. பனியன் கம்பெனிகளில் சாயத்துக்கு டெஸ்ட் ரிப்போர்ட் கேட்கிறார்களே, அது இந்த வழியில் வந்ததுதான். நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இவருக்கு எதனால் வந்தது என்று எந்த டாக்டரும் அடித்துச் சொல்லவில்லை, நானும் சொல்லமாட்டேன். ஆனால் சாயம், ரப்பர், பெயின்ட் வேலை எப்போதோ பார்த்திருந்தாலும், டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வயிற்று ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தால் அத்தோடு எழுந்து வந்துவிடக் கூடாது. சின்னக் கட்டி அதில் தப்பிவிடும். சிறுநீர் வரும் வழியாக மெல்லிய குழாய்க் கேமராவை விட்டுப் பார்க்கும் சிஸ்டோஸ்கோப்பிதான் தெளிவு தரும். பெயரைக் கேட்டே ஆண்கள் மிரளுகிறார்கள். மரத்துப்போகும் ஜெல்லி தடவிச் செய்வார்கள், சில நிமிட வேலை. பிறகு ஓரிரு நாள் எரியும், அதை மறைப்பானேன்.

இவருடைய கட்டி தசைக்குள் இறங்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கட்டத்தில்தான் நோய் தெரியவருகிறது. வயிற்றைக் கிழிக்காமல் அதே வழியில் சுரண்டி எடுத்தார்கள். அடுத்து பிசிஜி. பிறந்த குழந்தைக்குக் காசநோய் வராமலிருக்கக் கையில் போடுகிறோமே, அதே மருந்துதான். 1976ல் அதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திப் பார்த்துப் பலன் கண்டார்கள். வாரம் ஒருமுறை, ஆறு வாரம். உள்ளே செலுத்திய மருந்தை இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். உயிருள்ள கிருமி என்பதால் அடுத்த ஆறு மணி நேரம் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, ஒவ்வொரு முறையும் ப்ளீச்சிங் கரைசலை ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் தண்ணீர் விடச் சொன்னார்கள். வீட்டில் இருப்பது ஒரே கக்கூஸ் என்றால் இதை மற்றவர்களிடமும் சொல்லிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் யாராவது கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள்.

இது திரும்பத் திரும்ப வரும் நோய். அதனால் ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கொருமுறை கேமரா போட்டுப் பார்க்க வேண்டும். "நல்லாத்தானே இருக்கேன்" என்று பலர் நின்றுவிடுவது இந்த இடத்தில்தான். தேதியை நான் காலண்டரில் எழுதி வைத்துவிடுகிறேன், அவரைக் கேட்பதில்லை.

கூட்டங்களில் பெண்களிடம் தனியாக ஒன்று சொல்வேன். இந்த நோய் ஆண்களுக்குத்தான் மூன்று நான்கு மடங்கு அதிகம். பெண்களுக்கோ வந்தால் தெரியவரத் தாமதமாகிறது, மாதவிடாய் என்றோ நீர்த்தாரைத் தொற்று என்றோ கணக்கு வைத்துவிடுவதால். தொற்றுக்கு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் திரும்ப வந்தால் அதே மாத்திரையை இன்னொரு தடவை வாங்காதீர்கள். இதயத்துக்காக ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர்களும் பழியை மாத்திரைமேல் போட்டுவிட்டு இருக்கக் கூடாது.

டாக்டரிடம் போவதற்குள் நிறம் தெளிந்துவிடும் என்பதால், சிவப்பைப் பார்த்ததும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். போன மாதம் ஒருவர் எனக்கே அனுப்பிவிட்டார். "பீட்ரூட் சாப்பிட்டீங்களா அண்ணா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். இருக்கட்டும், லேப்பில் ஒரு சிறுநீர் டெஸ்ட் கொடுத்துவிட்டு ரிப்போர்ட்டோடு டாக்டரைப் பாருங்கள், படத்தை அவரிடம் காட்டுங்கள் என்றேன்.