பட்டறையின் கரண்ட் பில்லை எங்கிருந்து குறைப்பது?

தொழிற்கூடத்தின் மின்கட்டணத்தில் இரண்டு வகைப் பணம் கலந்திருக்கிறது. இயந்திரம் ஓடியதற்காகக் கொடுப்பது ஒன்று. எதுவும் ஓடாமலே, அல்லது ஓடிய விதம் சரியில்லாததால் கொடுப்பது மற்றொன்று. கட்டணத்தைக் குறைக்க நினைப்பவர்களில் பலர் நேராகக் கூரையில் சோலார் பலகை பொருத்துவதற்கு விலை கேட்கிறார்கள். அது கடைசிப் படி. முதல் படிகளுக்குக் காசு அதிகம் தேவையில்லை; ஓராண்டு பில்களும், ஒரு கிளாம்ப் மீட்டரும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.

பில்லைப் படித்தல்

தமிழ்நாட்டில் மின்கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். வசூலிப்பது மின் பகிர்மானக் கழகம். 2024இல் டான்ஜெட்கோ பிரிக்கப்பட்டபோது உருவான நிறுவனம் இது. 2022 செப்டம்பரில் வந்த பெரிய திருத்தத்துக்குப் பிறகு ஜூலை மாதங்களில் கட்டணம் மீண்டும் மீண்டும் மாறியிருப்பதால், பழைய வீதங்களை மனத்தில் வைத்துக் கணக்குப் போடக் கூடாது. கையில் உள்ள கடைசி பில்லே ஆதாரம்.

முதலில் பார்க்க வேண்டியது டாரிஃப். தாழ்வழுத்த இணைப்பில் 12 கிலோவாட் வரையுள்ள குடிசை, குறுந்தொழில்களுக்கு 3ஏ(1), விசைத்தறிக்கு 3ஏ(2), 12 கிலோவாட்டுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளுக்கு 3பி, கடைகளுக்கும் வணிக நிறுவனங்களுக்கும் 5 என்று பிரிவுகள் உள்ளன. கட்டடம் முன்பு கடையாகவோ கிடங்காகவோ இருந்து, பிறகு அங்கே லேத்து போட்டு உற்பத்தி தொடங்கியிருந்தால், இணைப்பு இன்னும் வணிகப் பிரிவிலேயே கிடக்கலாம். வாடகைக் கட்டடங்களில் இது அதிகம். உத்யம் பதிவுச் சான்றை வைத்துப் பிரிவு மாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

புதிதாக உற்பத்தி தொடங்கிய குறு நிறுவனங்களுக்கு மாவட்டத் தொழில் மையம் வழியாக, 36 மாதங்களுக்கு மின்நுகர்வுக் கட்டணத்தில் 20 சதவீதத் தாழ்வழுத்த மின்கட்டண மானியம் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். கேட்காமல் விட்டவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

அடுத்து, ஓராண்டு பில்களையும் ஒரே தாளில் எழுத வேண்டும். ஒவ்வொரு மாதத்துக்கும் யூனிட், பதிவான எம்.டி. (உச்ச டிமாண்ட்), பவர் ஃபேக்டர், நிலைக்கட்டணம், அபராதமாக வந்த தொகை ஆகிய ஐந்தும் இருந்தால் போதும். பக்கத்திலேயே அந்த மாத உற்பத்தியை எழுதினால்தான் இந்தத் தாளுக்கு உயிர் வரும். எத்தனை டன் வார்ப்பு, எத்தனை பம்ப், எத்தனை கிலோ நூல் என்று தெரிந்தால், உற்பத்தி பாதியாகக் குறைந்த மாதத்திலும் யூனிட் பாதியாகக் குறையவில்லை என்பது கண்ணில் படும். அந்த வித்தியாசம் பெரும்பாலும் வீணாகப் போனது.

ஓடாததற்குக் கொடுக்கும் பணம்

தாழ்வழுத்தத்தில் நிலைக்கட்டணம் கிலோவாட் கணக்கில் வருகிறது. சுமை கூடக்கூட ஒரு கிலோவாட்டுக்கான வீதமும் படிப்படியாக ஏறும். ஆர்டர் நிறைய இருந்த காலத்தில் வாங்கிய சாங்ஷன் லோடு, இயந்திரங்களை விற்ற பிறகும் அப்படியே நிற்பது சாதாரணமாக நடப்பது.

உயர்வழுத்த இணைப்பில் கணக்கு இன்னும் கறாரானது. பதிவான டிமாண்ட், ஒப்பந்த டிமாண்டின் 90 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். 200 கேவிஏ ஒப்பந்தம் உள்ள ஆலையில் 120 கேவிஏதான் பதிவானாலும் 180க்குப் பணம் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தை 140ஆகக் குறைத்தால் அது 126க்கு இறங்கும். மறுபுறம், ஒப்பந்தத்தைத் தாண்டினால் தாண்டிய பகுதிக்கு இரட்டை வீதம். அதனால் ஆண்டின் உச்ச மாதத்தை வைத்து, அதற்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு எண்ணை முடிவு செய்வது நல்லது. குறைத்த லோடைத் திரும்பக் கூட்டும்போது மீண்டும் கட்டணம் கட்டியாக வேண்டும்.

டிமாண்ட் என்பது ஒரு நொடியில் எகிறும் உச்சம் அல்ல. மீட்டரின் அமைப்பைப் பொறுத்து 15 அல்லது 30 நிமிடங்களுக்கான சராசரி. மோட்டார் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தால் எம்.டி. பெரிதாக ஏறுவதில்லை. காலை ஷிஃப்டில் கம்ப்ரசர், ஃபர்னஸ், உலர்த்தி மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டு அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டுவதுதான் ஏற்றுகிறது. ஃபர்னஸ் சூடான பிறகு மற்றவற்றைப் போடுவது என்று ஒரு வரிசையை எழுதிச் சுவரில் ஒட்டினால், செலவில்லாமலே எம்.டி. இறங்கும்.

பவர் ஃபேக்டர்

மோட்டார், வெல்டிங் டிரான்ஸ்ஃபார்மர் போன்றவை வேலை செய்யும் மின்சாரத்தோடு காந்தப்புலத்துக்கான மின்சாரத்தையும் (ரியாக்டிவ் பவர், அளவு கேவிஏஆர்) இழுக்கின்றன. இரண்டும் சேர்ந்தது கேவிஏ; வேலை செய்யும் பங்கு கிலோவாட். முன்னதால் பின்னதை வகுத்தால் வருவதே பவர் ஃபேக்டர். உயர்வழுத்த நுகர்வோர் இதை 0.90க்கும், தாழ்வழுத்தத் தொழிற்சாலைகள் 0.85க்கும் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உயர்வழுத்தத்தில் 0.90இலிருந்து 0.85 வரை ஒவ்வொரு 0.01 குறைவுக்கும் மின்நுகர்வுக் கட்டணத்தில் 1 சதவீதம் கூடுதலாக வசூலாகும். அதற்கும் கீழே போனால் வீதம் இன்னும் கூடும்.

மருந்து கெபாசிட்டர். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே வாங்கலாம். 60 கிலோவாட் சுமை 0.75 பவர் ஃபேக்டரில் ஓடினால் 80 கேவிஏ இழுக்கும். அதை 0.95க்கு உயர்த்தினால் சுமார் 63 கேவிஏதான். இதற்குத் தேவையான கெபாசிட்டர், 60ஐ இரண்டு கோணங்களின் டேன்ஜென்ட் வித்தியாசமான 0.55ஆல் பெருக்கினால் வரும் 33 கேவிஏஆர். டிமாண்ட் கேவிஏவில் அளக்கப்படும் உயர்வழுத்த இணைப்பில் இந்த 17 கேவிஏ மாதாமாதம் மிச்சம்.

கெபாசிட்டர் ஏற்கெனவே இருக்கிறது என்பதால் பிரச்சினை இல்லை என்று நினைக்க முடியாது. கெபாசிட்டர் செத்துப்போனால் சத்தம் வராது, இயந்திரம் நிற்காது, பில்தான் சொல்லும். 440 வோல்ட் முத்திரை உள்ள 10 கேவிஏஆர் யூனிட், லைனுக்கு 12 முதல் 13 ஆம்பியர் வரை காட்ட வேண்டும். கிளாம்ப் மீட்டரில் 8 அல்லது 9 வந்தால் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. ஒரு லைனில் மட்டும் பூஜ்யம் என்றால் பெரும்பாலும் ஃபியூஸ். மாதம் ஒருமுறை எலக்ட்ரீஷியன் இந்த எண்களைப் பேனல் கதவின் உட்புறம் எழுதி வைத்தாலே பல ஆலைகளில் அபராதம் நின்றுவிடும்.

சுமை ஏறி இறங்கும் இடங்களில் தேவைக்கேற்ப கெபாசிட்டரைச் சேர்த்து விலக்கும் ஏபிஎஃப்சி பேனல் பொருத்தமானது. மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டி டிரைவ்களும் இண்டக்‌ஷன் ஃபர்னஸும் நிறைய உள்ள ஆலையில் வெறும் கெபாசிட்டர் ஹார்மோனிக்ஸால் சூடாகி உப்பி வெடிக்கும். அங்கே ரியாக்டர் சேர்த்த பேனல்தான் தாக்குப்பிடிக்கும்.

ஓட்டும் நேரம்

உயர்வழுத்த நுகர்வோருக்குக் காலை 6 முதல் 10 வரையும், மாலை 6 முதல் இரவு 10 வரையும் உச்ச நேரம். யூனிட் கட்டணத்தில் 25 சதவீதம் கூடுதல். இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதத் தள்ளுபடி. யூனிட் 100 காசு என்றால், அதே யூனிட் உச்ச நேரத்தில் 125, இரவில் 95. தாழ்வழுத்தத் தொழிற்சாலைகளுக்கும் உச்ச நேரக் கட்டணம் விதிக்கப்பட்டிருக்கிறது. அதன் வீதம் இடையில் மாறியிருப்பதால் பில்லில் பார்த்துக்கொள்வது நல்லது. எல்லா வேலையையும் நகர்த்த முடியாது. தண்ணீர் ஏற்றும் மோட்டார், பேட்டரி ஃபோர்க்லிஃப்ட் சார்ஜ், ஹீட் ட்ரீட்மென்ட் போன்றவற்றை நகர்த்தலாம். இதற்காகவே முழு ஷிஃப்டை இரவுக்கு மாற்றினால் ஆள் கூலியில் அந்த மிச்சம் கரைந்துவிடும்.

இயந்திரங்கள்

கம்ப்ரசரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஓசைக்குள் ஒளிந்துகொண்டு யூனிட்டைத் தின்னும் இயந்திரம் அது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் காற்று பயன்படுத்தும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு, கம்ப்ரசரை மட்டும் ஓட விட வேண்டும். கசிவு இல்லையென்றால் அழுத்தம் ஏறி, லோடு எடுப்பது நின்று, அப்படியே இருக்கும். 2 நிமிடம் லோடு, 4 நிமிடம் அன்லோடு என்று மாறி மாறி ஓடினால் உற்பத்தியாகும் காற்றில் மூன்றில் ஒரு பங்கு கசிகிறது என்று பொருள். லோடு நேரத்தை மொத்தச் சுழற்சி நேரத்தால் வகுத்தால் இந்த விகிதம் கிடைக்கும். 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று சுமார் 3 கிலோவாட்டை விழுங்கும். தினம் 10 மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 750 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 6,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை சோப்புத் தண்ணீரும் தூரிகையும் எடுத்து ஹோஸ் கப்ளிங், டிரெயின் வால்வு, ரெகுலேட்டர் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பதுதான் இதற்கான பழைய, நல்ல முறை. அதன் பிறகு அழுத்தத்தைக் குறைத்துப் பார்க்கலாம். 1 பார் குறைத்தால் 6 முதல் 7 சதவீத மின்சாரம் மிச்சமாகும். ஏர் கன்னால் தரையைக் கூட்டும் வழக்கத்தை நிறுத்த முடிந்தால் இன்னும் நல்லது.

மோட்டாரில் வாங்கும் விலை சிறியது, ஓட்டும் செலவு பெரியது. 7.5 கிலோவாட், நான்கு துருவ மோட்டாரின் திறன் ஐஇ1 வகையில் 86 சதவீதம், ஐஇ3 வகையில் 90.4 சதவீதம். முழுச் சுமையில் ஆண்டுக்கு 4,800 மணி நேரம் ஓடினால் வித்தியாசம் சுமார் 2,000 யூனிட். நன்றாக ஓடும் மோட்டாரைக் கழற்றி எறியத் தேவையில்லை. எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்ட அனுப்பும் முன் இந்தக் கணக்கைப் போட்டால் போதும். அவசரத்தில் காயில் கட்டிய மோட்டார் திறன் இழந்தே திரும்பும். தினம் ஒரு மணி நேரம் மட்டும் ஓடும் மோட்டாருக்கு ஐஇ3 வாங்குவது வீண்.

ஃபேன், பம்ப் இரண்டிலும் வேகத்தின் கன மடங்கில் மின்சாரம் மாறும். வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் தேவை கிட்டத்தட்ட பாதியாகும். வால்வை மூடித் தண்ணீரைக் குறைக்கும் இடத்தில் விஎஃப்டி போடுவது இதனால்தான் பலன் தருகிறது. விளக்குக்கும் ஏசிக்கும் அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பழைய சோக் டியூப் லைட்டுக்குப் பதில் எல்இடி, ஏசி 24 டிகிரியில்.

கூரையும் காற்றாலையும்

வீண் நின்ற பிறகுதான் சோலாரின் அளவு சரியாகத் தெரியும். தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பலகை நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும். இடம் சுமார் 100 சதுர அடி வேண்டும். கூரை சோலாருக்கு வசூலிக்கும் நெட்வொர்க் கட்டணத்தையும் சேர்த்தே லாபக் கணக்குப் போட வேண்டும்.

சோலார் விற்பவர்கள் அதிகம் பேசாத ஒன்று உண்டு. 60 கிலோவாட் சுமையும் 30 கேவிஏஆரும் உள்ள ஆலையின் பவர் ஃபேக்டர் 0.89. கூரையிலிருந்து 35 கிலோவாட் வந்தால் இபியிலிருந்து வருவது 25 கிலோவாட் மட்டும். 30 கேவிஏஆர் அப்படியே இருக்கும். மீட்டர் இப்போது 0.64 காட்டும். மிச்சமான யூனிட்டின் ஒரு பகுதி அபராதமாகத் திரும்பிப் போகும். பலகை ஏறும் முன்பே கெபாசிட்டரைக் கூட்ட வேண்டும், அல்லது இன்வெர்ட்டரையே ரியாக்டிவ் பவர் தரும்படி அமைக்கச் சொல்ல வேண்டும். மாலையிலும் ஆலை ஓடினால் எம்.டி. குறையும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது.

பெரிய நுகர்வோர் உடுமலை, ஆரல்வாய்மொழி பக்கத்துக் காற்றாலைகளில் பங்கு வாங்கிக் கூட்டுச் சொந்த உற்பத்தியாளராகலாம். 2022இன் பசுமை மின்சார விதிகள் 100 கிலோவாட் ஒப்பந்தம் உள்ளவர்களுக்கும் திறந்த அணுகலை, அதாவது மின்சாரத்தை வேறு உற்பத்தியாளரிடமிருந்து பெறும் உரிமையை, தந்திருக்கின்றன. 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, கூட்டுச் சொந்த உற்பத்தியில் பயன்படுத்துவோர் கையில் குறைந்தது 26 சதவீதப் பங்கு இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். காற்று மே முதல் செப்டம்பர் வரை வீசுவதால் அந்த மாதங்களின் தேவையைத் தனியாகப் பார்த்தே பங்கின் அளவை முடிவு செய்ய வேண்டும். நிதியாண்டு முடிவில் 51 சதவீதம் எட்டவில்லை என்றால் அந்த ஆண்டு முழுமைக்கும் குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் வந்து சேரும்.